நோயாளியின் பண்பாடா, மருத்துவமனையின் வாசலா?

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் அயோத்திதாசரை இதழாளராக, பௌத்தராக, வரலாற்றைத் திருப்பி எழுதியவராக நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அவருடைய தொழில் வைத்தியம் என்பது பேச்சுவாக்கில் விடுபட்டுப் போகும். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கியவர் ஒரு சித்த மருத்துவர். தாம்பரத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆகவே அவர் நினைவாகக் கூடியிருக்கும் இடத்தில் நோயைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன்.

அமெரிக்காவில் குடியேறிய ஹிஸ்பானிக் மக்களிடையே புற்றுநோய் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் தோழர் ஒருவர், "அவ்வளவு தூரம் எதுக்குப் போறீங்க, இங்க இல்லாததா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் அங்கே போவதற்குக் காரணம், அங்கே எண்ணி வைத்திருக்கிறார்கள். யாருக்கு எந்த நோய், எந்தச் சட்டம் எந்த ஆண்டு யாரை வெளியே நிறுத்தியது என்பதெல்லாம் தேதியோடு கிடைக்கிறது. ஒரு சமூகத்தை நோய் கொல்கிறதா, நோய்க்கும் மருந்துக்கும் நடுவில் நிற்கும் வேறு ஏதாவது கொல்கிறதா என்று அங்கே தெளிவாகப் பார்க்க முடிகிறது.

முதலில் யார் இவர்கள் என்று சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், கியூபா, டொமினிக்கன் குடியரசு, தென்னமெரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும். புவேர்ட்டோ ரிக்கோ மக்களையும் இதில் சேர்க்கிறார்கள். அவர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள், குடியேறிகள் அல்ல. ஆனாலும் நியூயார்க்கில் அவர்கள் நடத்தப்பட்ட விதத்தில் அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. 2020 கணக்கெடுப்பின்படி எல்லோருமாகச் சேர்த்து 6 கோடியே 20 லட்சம் பேர். 'ஹிஸ்பானிக்' என்ற பெயரே அரசாங்கம் கொடுத்ததுதான். 1977இல் ஒரு கூட்டரசு ஆணை அதை வரையறுத்தது. 1980 கணக்கெடுப்பில்தான் எல்லோரிடமும் கேட்டார்கள். அதற்கு முன்பு பல பதிவேடுகளில் இவர்கள் வெள்ளையர் கணக்கில் கரைந்து கிடந்தார்கள். மாதிரி மரணச் சான்றிதழில் இவர்களுக்கென்று ஒரு கட்டம் வந்தது 1989இல். தம் மக்கள் எந்தப் பெயரில் பதிவாக வேண்டும் என்று ஓயாமல் வாதாடிய பண்டிதரின் வாசகர்களுக்கு இந்தக் கட்டத்தின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டம் வந்தபிறகு தெரிந்தது என்ன? முதல் பார்வைக்கு ஓர் ஆச்சரியம். மொத்தமாகப் பார்த்தால் ஹிஸ்பானிக் மக்களுக்குப் புற்றுநோய் வருவது வெள்ளையரைவிடச் சுமார் கால்பங்கு குறைவு. நுரையீரல், மார்பகம், பெருங்குடல் எல்லாமே குறைவு. புகைப்பழக்கம் குறைவு என்பது ஒரு முக்கியக் காரணம். ஏழைகள், காப்பீடு இல்லாதவர்கள், ஆனாலும் ஆயுள் அதிகம். இதை 'ஹிஸ்பானிக் முரண்' என்று 1980களிலிருந்து ஆய்வாளர்கள் எழுதிவருகிறார்கள்.

ஆனால் எந்தப் புற்றுநோய்கள் அவர்களிடம் அதிகம் என்று பாருங்கள். இரைப்பையிலும் கல்லீரலிலும் வருவது வெள்ளையரைவிடச் சுமார் இருமடங்கு. கருப்பைவாய்ப் புற்றுநோய் மூன்றில் ஒரு பங்கு அதிகம். இந்த மூன்றுக்கும் பெரிய காரணம் கிருமித் தொற்று. இரைப்பைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, கல்லீரலுக்கு ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ்கள், கருப்பைவாய்க்கு எச்.பி.வி. நெருக்கடியான வீடும் கெட்ட தண்ணீரும் மருத்துவர் முகம் பார்க்காத வாழ்க்கையும் உள்ள இடத்தில் தங்கும் நோய்கள். ஒவ்வொன்றுக்கும் மாத்திரை உண்டு, தடுப்பூசி உண்டு, அல்லது முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பரிசோதனை உண்டு. பாப் பரிசோதனை ஒழுங்காகக் கிடைக்கும் ஒரு பெண் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சாவது அரிது. இன்னொரு செய்தியையும் கவனிக்க வேண்டும். கல்லீரல் புற்றுநோய் வெளியிலிருந்து வந்தவர்களைவிட அமெரிக்காவிலேயே பிறந்த ஹிஸ்பானிக் மக்களிடம் அதிகம். ஆரோக்கியமாக வந்தவர்களின் பிள்ளைகளை அந்த நாடுதான் நோயாளியாக்குகிறது.

இனி, இதற்குச் சொல்லப்படும் காரணம். அதைப் பற்றித்தான் எனக்குக் கோபம் அதிகம்.

முதுகலை சமூகவியல் படித்தபோது எங்களுக்கு ஆஸ்கர் லூயிஸ் பாடம். 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்தைச் சொன்னவர். ஏழைகளிடம் ஒருவித மனப்பாங்கு படிந்துவிடுகிறது, எதிர்காலத்தைத் திட்டமிட மாட்டார்கள், விதியே என்று கிடப்பார்கள், அதைப் பிள்ளைகளுக்கும் கடத்துவார்கள் என்பது அதன் சாரம். தேர்வுக்கு இதை மனப்பாடம் செய்தோம். லூயிஸ் இதை எங்கிருந்து எடுத்தார் என்பதை வகுப்பில் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 1959இல் வந்த நூல் மெக்சிகோவின் ஐந்து குடும்பங்களைப் பற்றியது. 1966இல் வந்தது சான் ஹுவானிலும் நியூயார்க்கிலும் வாழ்ந்த ஒரு புவேர்ட்டோ ரிக்கோக் குடும்பத்தைப் பற்றியது. அந்தச் சொல் இந்த மக்களின் வீட்டுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டு, உலகத்தில் உள்ள எல்லா ஏழைகள் மீதும் ஒட்டப்பட்டது. நம் மீதும்தான். "அவங்களுக்கு வாழ்க்கையில முன்னேறணும்னு எண்ணமே கிடையாது" என்று ஊர்த் தெருவில் கேட்கும் பேச்சுக்கு அது பல்கலைக்கழக மொழி.

புற்றுநோய் ஆய்வில் இதற்கு வேறு பெயர்: 'ஃபடாலிஸ்மோ'. ஸ்பானிய மொழியில் விதிவாதம். புற்றுநோய் கடவுள் தந்த தண்டனை, வந்தால் சாவுதான், பார்த்து என்ன ஆகப்போகிறது என்று நினைப்பதால்தான் ஹிஸ்பானிக் பெண்கள் பரிசோதனைக்கு வருவதில்லை என்று கட்டுரை மேல் கட்டுரை. கேள்வித்தாளில் "புற்றுநோய் வந்தால் மரணம்தான், ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று கேட்பார்கள். ஆம் என்றால் விதிவாதி. காப்பீடு இல்லாத ஒரு பெண், தன் தெருவில் புற்றுநோய் என்று கேள்விப்பட்ட ஒவ்வொருவரையும் கடைசிக் கட்டத்தில்தான் பார்த்திருக்கிறாள். அவர்கள் செத்ததையும் பார்த்திருக்கிறாள். அவள் சொல்லும் 'ஆம்' அவள் கண்ட அனுபவம். அனா அப்ரைதோ-லான்சா என்ற அறிஞர் 2007இல் இந்தக் கருத்தையே மறுபரிசீலனை செய்யச் சொல்லி எழுதினார். வருமானத்தையும் காப்பீட்டையும் கணக்கில் எடுக்காமல் விதிவாதத்தை அளப்பது ஆபத்து என்பது அவருடைய எச்சரிக்கை.

என்னைக் கேட்டால், இந்த வாதத்தை முடித்துவைக்க ஒரே ஒரு சான்று போதும். அமெரிக்காவில் 1994 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. காப்பீடு இல்லாத குழந்தைகளுக்கும் ஏழைக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி இலவசம். குடியுரிமைக் காகிதம் கேட்பதில்லை. எச்.பி.வி. தடுப்பூசியும் அதில் சேர்ந்தது. விளைவு? ஹிஸ்பானிக் வீட்டுப் பிள்ளைகள் அந்த ஊசியைத் தொடங்கும் விகிதம் வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகளின் விகிதத்தைவிட அதிகம். பரிசோதனைக்கு வராத அதே அம்மாக்கள்தான் மகளைக் கையைப் பிடித்து ஊசிக்குக் கூட்டி வருகிறார்கள். விதிவாதம் எங்கே போயிற்று?

அவநம்பிக்கை இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது; அதற்கு வரலாறும் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றில் 1960களின் கடைசியிலும் 70களின் தொடக்கத்திலும் பிரசவத்துக்கு வந்த மெக்சிகோப் பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பிரசவ வலியில் துடிக்கும்போது ஆங்கிலப் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். சிலருக்குத் தங்களுக்கு என்ன செய்தார்கள் என்பதே பின்னாளில்தான் தெரிந்தது. பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள். 'மாட்ரிகல் எதிர் குவில்லிகன்' என்ற அந்த வழக்கில் 1978இல் நீதிபதி மருத்துவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். புவேர்ட்டோ ரிக்கோவில் கருத்தடை மாத்திரையை 1956இல் ஏழைப் பெண்களிடம்தான் சோதித்தார்கள். குவாத்தமாலாவில் 1946 முதல் 1948 வரை அமெரிக்க அரசு மருத்துவர்கள் கைதிகளுக்கும் சிப்பாய்களுக்கும் மனநோயாளிகளுக்கும் வேண்டுமென்றே மேகநோய்க் கிருமியை ஏற்றினார்கள். இந்தக் கதைகள் பாட்டியிடமிருந்து பேத்திக்கு வந்து சேர்கின்றன. இவ்வளவுக்குப் பிறகும் அந்தப் பெண்கள் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்பதைத்தான் ஆராய வேண்டும்.

இப்போது வாசலுக்கு வருவோம்.

1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு நல்ல சட்டம் போட்டது. காப்பீடு இல்லாத ஏழைப் பெண்களுக்கு மார்பக, கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை இலவசம். சட்டத்தில் ஒரு ஓட்டை. பரிசோதனைக்குத்தான் பணம், நோய் இருக்கிறது என்று தெரிந்தால் வைத்தியத்துக்குப் பணம் கிடையாது. பத்து ஆண்டுகள் இப்படி நடந்தது. "உனக்குப் புற்றுநோய், போய் எங்கேயாவது பார்த்துக்கொள்" என்று சொல்ல ஒரு அரசுத் திட்டம். பெண்கள் இயக்கங்கள் விடாமல் போராடியதால் 2000இல் இன்னொரு சட்டம் வந்தது. பரிசோதனையில் நோய் தெரிந்த பெண்களுக்கு 'மெடிக்கெய்ட்' என்ற ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் சிகிச்சை தரலாம். ஆனால் குடிமக்களுக்கும் சில வகைக் குடியேறிகளுக்கும் மட்டும். ஆவணமில்லாத பெண்ணுக்குப் பல இடங்களில் இன்னும் 1990ஆம் ஆண்டு முடியவில்லை. பரிசோதனை உண்டு, நோயின் பெயரைச் சொல்வார்கள், அதற்குப் பிறகு அவள் பாடு.

ஆவணம் இருந்தால் மட்டும்? 1996இல் கிளிண்டன் காலத்து நலத்திட்டச் சட்டம், முறைப்படி நிரந்தரக் குடியுரிமம் பெற்று வந்தவர்களையும் முதல் ஐந்து ஆண்டுகள் மெடிக்கெய்ட் பக்கம் விடாமல் நிறுத்தியது. சில மாநிலங்கள் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அதைத் தளர்த்தின. கட்டி ஐந்து ஆண்டு காத்திருக்குமா? 2010இல் ஒபாமா கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டத்தை உலகமே புகழ்ந்தது. ஆவணமில்லாதவர் தன் சொந்தக் காசைக் கொடுத்தாலும் அந்தக் காப்பீட்டுச் சந்தையில் வாங்க முடியாது என்று அதில் எழுதியிருக்கிறது. உள்ளே வராதே என்பதோடு நிற்கவில்லை. காசு கொடுத்தும் வாங்காதே என்கிறது. இந்த வகை விலக்கை நாம் எங்கே பார்த்திருக்கிறோம் என்று கேட்டால் இந்த அரங்கில் எல்லோரும் கை தூக்குவீர்கள்.

மிஞ்சியிருப்பது அவசரப் பிரிவு. உயிர் போகும் நிலையில் வருபவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. குடல் அடைத்து வந்தால் அடைப்பை நீக்குவார்கள். அடைத்தது புற்றுக்கட்டி என்றால் அடுத்த மாதங்களில் தர வேண்டிய மருந்து 'அவசரம்' ஆகுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

சட்டம் ஒருபுறம், பயம் ஒருபுறம். அரசு உதவி வாங்கியவருக்கு நிரந்தரக் குடியுரிமம் மறுக்கலாம் என்று 2019இல் டிரம்ப் அரசு விதி வகுத்தது. 2021இல் அது நீங்கியது, பயம் நீங்கவில்லை. விதிக்கு உட்படாத குழந்தைகளையும் பெற்றோர்கள் திட்டங்களிலிருந்து விலக்கிக்கொண்டார்கள். 2025 ஜனவரியில் மருத்துவமனை, பள்ளி, வழிபாட்டிடங்களில் குடியேற்றக் காவலர் புகுவதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் ரத்தானது. அதே ஆண்டு ஜூனில் மெடிக்கெய்ட் பயனாளிகளின் விவரங்கள் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கைமாறின. நோயாளி கொடுத்த முகவரி காவலர் கைக்குப் போகும் என்றால் எந்தப் பெண் மார்பகத்தில் தட்டுப்படும் கட்டியை மருத்துவரிடம் காட்டுவாள்?

ஓர் இடத்தை மட்டும் வரைந்து காட்டுகிறேன். டெக்சஸ் மாநிலத்தின் தென்கோடி, ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. அங்கே ஊராட்சி எல்லைக்கு வெளியே 'கொலோனியா' என்று குடியிருப்புகள். தண்ணீர்க் குழாய், சாக்கடை, சாலை எதுவும் இல்லாத நிலத்தைத் துண்டு போட்டுத் தவணைக்கு விற்றார்கள். மெக்சிகோ மக்கள் வாங்கித் தாங்களே வீடு கட்டிக்கொண்டார்கள். ஊருக்கு வெளியே என்பதை நாம் எந்த மொழியில் கேட்டாலும் புரிந்துகொள்வோம். 2011இல் டெக்சஸ் சட்டமன்றம் குடும்பநலச் செலவில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டியது. பாப் பரிசோதனை செய்துவந்த சிறு மருத்துவ நிலையங்கள் பல மூடப்பட்டன. அதே மாநிலத்தில், ஹூஸ்டனில், உலகின் தலைசிறந்த புற்றுநோய் மருத்துவமனைகளில் ஒன்றான எம்.டி. ஆண்டர்சன் இருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 550 கிலோமீட்டர். வழியில், எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, ஃபால்ஃபூரியாஸ் என்ற இடத்தில் எல்லைக் காவல்படையின் சோதனைச்சாவடி. வடக்கே போகும் ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திக் கேட்பார்கள். ஆவணமில்லாதவருக்குப் பின்னால் எல்லை, முன்னால் சாவடி. 2017இல் அந்தப் பகுதியில் அறுவை சிகிச்சைக்காக ஆம்புலன்சில் போன ஒரு சிறுமியைச் சாவடியிலிருந்து மருத்துவமனை வரை தொடர்ந்து போய், சிகிச்சை முடிந்ததும் காவலில் வைத்தார்கள்.

சரி, இடைவெளியைக் குறைக்க முடியுமா? முடிந்திருக்கிறது.

நியூயார்க்கின் ஹார்லெமில் ஹெரால்ட் ஃப்ரீமன் என்ற கறுப்பின அறுவை மருத்துவர், 1990இல் ஒரு சாதாரண ஏற்பாட்டைத் தொடங்கினார். பரிசோதனையில் சந்தேகம் வந்த பெண்ணுடன் ஒரு ஆள் கூட நடப்பார். படிவம் நிரப்புவார், தேதி வாங்குவார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வழி செய்வார். அந்த மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களில் ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் முன்பு 39 சதவீதம். குறைந்த செலவில் பரிசோதனையும் கூட நடக்கும் ஆளும் வந்தபிறகு 70 சதவீதம். பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள், சிலர் ஹிஸ்பானிக். ஸ்பானிய மொழி பேசும் குடியிருப்புகளில் இதே வேலையைச் செய்பவர்களுக்கு 'ப்ரொமோத்தோரா' என்று பெயர். வெளியிலிருந்து வரும் அதிகாரி கிடையாது; அதே தெருப் பெண். சமையலறையில் உட்கார்ந்து பேசுவாள், மறுநாள் கூடவே பேருந்தில் வருவாள். அவர்கள் வேலை செய்த இடங்களில் பரிசோதனை கூடியதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆனால் நிதி ஓராண்டுக்கு வரும், அடுத்த ஆண்டு நிற்கும். நம் ஊர் ஆஷா பணியாளர்களைப் போல, உழைப்பு நிரந்தரம், சம்பளம் தற்காலிகம்.

டெலவேர் என்ற சின்ன மாநிலம் இன்னும் ஒரு படி போனது. பெருங்குடல் பரிசோதனை இலவசம், வழிநடத்த செவிலியர், நோய் தெரிந்தால் காப்பீடு இல்லாதவரின் சிகிச்சைச் செலவும் மாநிலத்தினுடையது. கறுப்பின மக்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 48 சதவீதத்திலிருந்து 2009இல் 74 சதவீதமாகி வெள்ளையருக்குச் சமமானார்கள். இது ஹிஸ்பானிக் மக்களின் கணக்கு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் சிகிச்சைக்கு உறுதி கொடுத்தால் மக்கள் வருவார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. ஏறக்குறைய பாதிப்பேர் ஹிஸ்பானிக் ஆன நியூ மெக்சிகோவில், இந்தியாவில் பிறந்த சஞ்சீவ் அரோரா என்ற மருத்துவர் 2003இல் கிராமத்து மருத்துவர்களுக்குக் காணொலி வழியாக ஹெபடைட்டிஸ் சி சிகிச்சையைக் கற்றுக்கொடுத்தார். பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்களும் கிராமத்திலும் சிறையிலும் குணமானவர்களும் ஏறக்குறைய சம விகிதம், சுமார் 58 சதவீதம். கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் வேலை அது.

இவையெல்லாம் நல்ல உள்ளங்கள் கொடுத்தவை மட்டும் இல்லை. 1970 ஜூனில் நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 'யங் லார்ட்ஸ்' என்ற புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பு, காசநோய் எக்ஸ்ரே எடுக்கும் அரசு வண்டியையே கைப்பற்றியது. நோய் அதிகமுள்ள தெருவுக்கு, வேலைக்குப் போகிறவர்கள் வீட்டிலிருக்கும் நேரத்தில் வண்டி வருவதில்லை என்பது அவர்கள் குறை. வண்டிக்கு பெத்தான்சஸ் என்று பெயர் வைத்தார்கள். அடிமை ஒழிப்புக்கும் விடுதலைக்கும் போராடிய 19ஆம் நூற்றாண்டு மருத்துவர் அவர். அரசு ஊழியர்களே உள்ளே உட்கார்ந்து படம் எடுத்தார்கள், மக்கள் வரிசையில் நின்றார்கள், நகர நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அடுத்த மாதம் பிராங்க்ஸில் இடிந்துகிடந்த லிங்கன் மருத்துவமனைக்குள் புகுந்து ஒருநாள் நடத்திக் காட்டினார்கள். யங் லார்ட்ஸ் தங்களை அமைத்துக்கொண்டது பிளாக் பேந்தர்ஸைப் பார்த்து. இரண்டு ஆண்டு கழித்து, 1972இல், அதே பிளாக் பேந்தர்ஸைப் பார்த்து பம்பாயில் நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் தலித் பேந்தர்ஸ் தொடங்கினார்கள். ஒரே நெருப்பில் ஏற்றிய இரண்டு விளக்குகள். அவர்கள் வண்டியைப் பிடித்த கதையை நாம் படிக்காமல் விட்டுவிட்டோம்.

கடைசியாக வயல்வெளி. சேத் ஹோம்ஸ் என்ற மருத்துவர்-மானுடவியலர், வாஷிங்டன் மாநிலத்தின் பழப் பண்ணை ஒன்றில் தானும் கூலியாக வேலை செய்து 2013இல் ஒரு நூல் எழுதினார். பண்ணைக்குள் படிகள். மேலே வெள்ளையரும் ஜப்பானிய அமெரிக்கரும், நடுவே ஸ்பானியம் பேசும் மெக்சிகோக்காரர், அடியில் முதுகு வளைத்து ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் த்ரிகி பழங்குடிகள். அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையைப் பழத்தோட்டத்தில் பார்க்கலாம். மருத்துவமனை ஸ்பானிய மொழிபெயர்ப்பாளரை வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்கிறது. த்ரிகி பெண்ணுக்கு ஸ்பானியமும் அந்நிய மொழி. 'ஹிஸ்பானிக்' என்ற ஒற்றைக் கட்டத்துக்குள் அவள் மறுபடியும் கரைந்துபோகிறாள்.

பண்ணைத் தொழிலாளர் சங்கம் இதற்கு ஒரு வழி காட்டியது. சீசர் சாவேஸும் டொலோரஸ் உவேர்த்தாவும் கட்டிய கலிபோர்னியாச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை, மாநிலப் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். 1987 முதல் 1997 வரையிலான கணக்கு. ரத்தப் புற்றும் இரைப்பைப் புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் கலிபோர்னியாவின் மற்ற ஹிஸ்பானிக் மக்களைவிட அந்தத் தொழிலாளர்களிடம் அதிகம் என்று தெரிந்தது. பூச்சிமருந்து தெளிக்கும் வயலில் நிற்பவர்கள் அவர்கள். அரசாங்கம் அவர்களைத் தனியாக எண்ணவில்லை. சங்கத்தின் சந்தாப் பட்டியல் எண்ண வைத்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? சென்னையில் அடையாறு புற்றுநோய் நிலையம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிவேடு வைத்திருக்கிறது. இப்போது மாநிலம் முழுவதற்கும் பதிவேடு உண்டு. வயது, பால், உறுப்பு, மாவட்டம் என்று அறிக்கை வருகிறது. சாதிவாரியாக ஒரு பக்கமும் வருவதில்லை. தோல்தூசியும் ஆறு இணைதிறன் குரோமியமும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளில் கை நனைப்பவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். அங்குள்ள தொழிற்சங்கங்களிடம் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. தூய்மைப் பணியாளர் சங்கங்களிடமும் இருக்கிறது. பெயர் வெளியே போகாமல் காக்கும் நிபந்தனையோடு அந்தப் பட்டியலைப் பதிவேட்டோடு ஒப்பிடக் கேட்டு முறையாக ஒரு கடிதம் எழுதலாம். மறுத்தால் மறுப்பும் எழுத்தில் வரட்டும். வரைவு எழுதுவதற்கு ஆராய்ச்சி மாணவர்கள் மூன்று நான்கு பேரும், சங்கத்தில் தொடர்புள்ள தோழர்கள் இருவரும் தேவை. விருப்பமுள்ளவர்கள் தேநீர் முடிந்ததும் பின்வரிசையில் உட்காருங்கள், நானும் வந்துவிடுகிறேன்.

ஜெய்பீம்.